தண்ணீருக்காக மனு எழுதுவது எப்படி: ஓடைக்கரையிலிருந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் விடியும்போதே ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், வண்டிப்பாதைத் தகராறு என்று வந்துகொண்டிருந்த இடத்தில், இப்போது தண்ணீர் மனுக்களும் நிறைய வருகின்றன. எங்கள் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளும் சாயப்பட்டறைகளும் அதிகம். மரவள்ளிக்கிழங்கு அரவை தொடங்கிவிட்டால் ஓடையில் புளித்த வாடையோடு வெள்ளையாக நுரை ஓடும். கரையோரக் கிணறுகளில் அந்த வாடை ஏறிவிடும்.

கொண்டுவரும் கைப்பிரதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "எங்கள் ஊர் ஓடையில் கழிவு கலக்கிறது, குடிக்க முடியவில்லை, குழந்தைகளுக்கு நோய் வருகிறது, தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் இந்தத் தாளை வாங்கும் அதிகாரி நாளைக் காலையில் எங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒன்றும் இல்லை. "உரிய நடவடிக்கைக்கு" என்று குறித்து அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவார். சில மாதம் கழித்து, "ஆய்வு செய்யப்பட்டது, ஆய்வின்போது கழிவுநீர் வெளியேற்றம் காணப்படவில்லை" என்று பதில் வரும். மனு கொடுத்தவர் அதோடு சலித்துப்போவார்.

நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974-லிருந்தே இருக்கிறது. ஓடையிலோ கிணற்றிலோ மாசுப்பொருளை விடுவதை அதன் 24-ஆம் பிரிவு தடை செய்கிறது. யார் ஆய்வு செய்ய வேண்டும், யார் மூட உத்தரவிடலாம், எந்தப் பதிவேட்டைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒரு அலுவலகத்திடம், அது சட்டப்படி செய்யக்கூடிய ஒரு காரியத்தை, இடமும் தேதியும் குறித்துக் கேளுங்கள். நான் பார்த்தவரையில் அப்படி எழுதிய மனுதான் நகர்கிறது.

முதலில் ஓடைக்கரை

மனு எழுத உட்காரும் முன் ஓடையோரம் நடந்து பாருங்கள். கழிவு எந்த இடத்தில் இறங்குகிறது? குழாயா, வெட்டிவிட்ட வாய்க்காலா, டேங்கர் லாரியா? அந்த இடத்தின் புல எண் என்ன? கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் பார்த்தால் தெரிந்துவிடும். "ஊருக்கு மேற்கே" என்று எழுதினால் ஆய்வுக்கு வருபவர் எங்கு வேண்டுமானாலும் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். "புல எண் 112/3-க்கும் ஓடைப் புறம்போக்குக்கும் நடுவிலுள்ள சிறுபாலத்தின் அடியில்" என்று எழுதினால் அவர் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். தேதி, நேரம், நிறம், வாடை, மழை பெய்ததா, யார் பார்த்தது. கழிவைத் திறந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இரவையும் மழை நாளையும்தான் பார்க்கிறார்கள். நோட்டை ஒரு மாதம் ஒழுங்காக எழுதினால் அந்த நேரம் பிடிபட்டுவிடும். அப்புறம் மனுவில், "ஆய்வை இரவு 11 மணிக்கு மேல், முன்னறிவிப்பின்றி நடத்தவும்" என்று காரணத்தோடு கேட்கலாம். படம் எடுக்கும்போது இடமும் நேரமும் பதிவாகிற மாதிரி கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலை வளாகத்துக்குள் மட்டும் நுழைய வேண்டாம். நுழைந்தால் பேச்சு தண்ணீரை விட்டு அத்துமீறலுக்குப் போய்விடும். பொது ஓடையில் நின்று எடுத்ததே போதும்.

தண்ணீரைச் சோதிக்க

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வுக்கூடங்கள் உண்டு. சிறு கட்டணத்தில் குடிநீரைச் சோதித்து எழுத்தில் முடிவு தருவார்கள். வீட்டில் கிடந்த குளிர்பானப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் அந்த முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். முன்னாடியே கூடத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் புட்டியில், சொல்லும் அளவு எடுங்கள். உப்பு, கடினத்தன்மை போன்ற ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான புட்டியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனை என்றால் அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டிதான். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுசேர்க்க வேண்டும். உலோகச் சோதனைக்கு அமிலம் இட்ட புட்டி தேவைப்படும், அதையும் கூடத்திலேயே கேளுங்கள். புட்டி மேல் இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அப்புறம் ஊர்க் கிணற்றில் ஒன்று எடுப்பது நல்லது. கீழே மட்டும் எடுத்தால், "மேலேயே தண்ணீர் அப்படித்தான் வருகிறது" என்று சொல்லிவிடுவார்கள்.

முடிவு வந்ததும் இந்தியக் குடிநீர்த் தரத்தோடு, அதாவது ஐஎஸ் 10500-வோடு, ஒப்பிடுங்கள். கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது தரம். நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஓடையில் விடும் கழிவுநீருக்குக் கணக்கு வேறு: அழுகும் பொருளின் அளவைக் காட்டும் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம், ரசாயனத்தால் சிதையும் பொருளையும் சேர்த்துக் காட்டும் சிஓடி 250 என்பது பொதுத் தரம். சில தொழில்களுக்குத் தனித் தரம் உண்டு.

ஒன்றைத் தெரிந்துகொண்டு இதில் இறங்குங்கள். நீங்கள் எடுத்த மாதிரியை வைத்து நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு நடத்த முடியாது. 21-ஆம் பிரிவின்படி மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் முறைப்படி எடுக்கும் மாதிரிக்குத்தான் அங்கே சாட்சிய மதிப்பு. உங்கள் முடிவு எதற்கு என்றால், அவரை அந்தப் பிரிவின்படி மாதிரி எடுக்க வரவழைப்பதற்கு.

இசைவாணையைக் கையில் வாங்குங்கள்

இந்த ஒரு தாளைப் பற்றித்தான் நான் வருகிறவர்களிடம் அதிகம் பேசுவேன். கழிவுநீர் விடும் எந்த ஆலையும் 25-ஆம் பிரிவின்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டியே இசைவாணை வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு உற்பத்தி, எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர், எப்படிச் சுத்திகரிக்க வேண்டும், சுத்திகரித்ததை எங்கே விட வேண்டும், ஆணை எந்தத் தேதிவரை செல்லும் என்று எல்லாம் அதில் இருக்கும். ஊர்க்காரர் சொல்வதும் ஆலைக்காரர் சொல்வதும் வெறும் வாய்ப்பேச்சு என்று ஆகிவிடாமல் காப்பது இந்தத் தாள்தான்.

வாங்குவதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், காரணம் சொல்ல அதிகாரியைக் கட்டாயப்படுத்தாது. நான் எழுதிக்கொடுக்கும் கேள்விகள் இப்படி இருக்கும்:

1. இன்ன கிராமம், இன்ன புல எண்ணில் இயங்கும் ஆலைக்கு நீர்ச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட, நடப்பிலுள்ள இசைவாணையின் நகல், நிபந்தனைகளுடன்.
2. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரிய அலுவலர்கள் அந்த ஆலையில் செய்த ஆய்வுகளின் அறிக்கை நகல்கள், தேதி வாரியாக.
3. அதே காலத்தில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளின் ஆய்வக முடிவுகள்.
4. அனுப்பிய விளக்கம் கேட்பு அறிவிப்புகளும் அவற்றுக்கு ஆலை தந்த பதில்களும்.
5. மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், பதில் அரைகுறையாக இருந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "வணிக ரகசியம்" என்று சொல்லி மறுத்தால் தயங்காமல் 25(6)-ஐ எடுத்துக் காட்டுங்கள். கழிவுநீர் வெளியேற்றம் குறித்த நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் பராமரிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரோ அக்கறை உள்ளவரோ அதைப் பார்வையிடலாம் என்று நீர்ச் சட்டமே சொல்கிறது.

தாள் வந்ததும் நிதானமாகப் படியுங்கள். ஒரு முறை பக்கத்து ஒன்றியத்திலிருந்து நான்கைந்து பெண்கள் ஓர் இசைவாணையைக் கொண்டுவந்தார்கள். "சுத்திகரித்த நீரைச் சொந்த வளாகத்தில் மரங்களுக்குப் பாய்ச்ச வேண்டும், வெளியே விடக் கூடாது" என்று எட்டாவதோ ஒன்பதாவதோ நிபந்தனை. "அக்கா, அங்க மரமே இல்லையே, பூராவும் காயப்போடற களம்தானே" என்றார் அதில் ஒருவர். அதை வைத்தே மனுவை எழுதினோம். ஓடையில் கலந்ததா இல்லையா என்று ஆளாளுக்கு வாதாட வேண்டிய அவசியமே வரவில்லை. மரமில்லாத களம் எல்லார் கண்ணுக்கும் தெரியும், நிபந்தனையும் தாளில் இருக்கிறது.

இப்போது மனு

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பெறுநர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், நகல் ஆட்சியருக்கு. பொருள் ஒரே வரி. அதன் கீழே:

"மேற்படி ஆலைக்கு வழங்கப்பட்ட இசைவாணையின் நிபந்தனைப்படி கழிவுநீரை வளாகத்துக்கு வெளியே விடக் கூடாது. ஆனால் புல எண் இன்னதில் உள்ள குழாய் வழியாக இன்ன இன்ன தேதிகளில் இரவில் ஓடைக்குள் விடப்பட்டது. படங்களும் நீர் ஆய்வு முடிவும் இணைப்பில். ஆகவே, (அ) 21-ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பின்றி மாதிரி எடுக்கவும், (ஆ) அப்போது மனுதாரரை உடன் இருக்க அனுமதிக்கவும், (இ) மீறல் உறுதியானால் 33ஏ பிரிவின்படி உத்தரவிடவும், (ஈ) ஆய்வறிக்கையின் நகலைத் தரவும் வேண்டுகிறோம்."

33ஏ என்பது வாரியத்தின் கையிலுள்ள பெரிய அதிகாரம். ஆலையை மூடவும், மின் இணைப்பையும் தண்ணீர் இணைப்பையும் துண்டிக்கவும் அதன்படி உத்தரவிடலாம். நோய், கண்ணீர், குழந்தைகள் எல்லாம் மனுவில் வரட்டும், வர வேண்டியதுதான். ஆனால் கேட்பது என்ன என்பது இந்த நான்கு வரிக்குள் இருக்கட்டும். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புத் துறைக்கு 1100-இல் அழைத்துப் பதிந்தாலும் எண்ணைக் குறித்து வையுங்கள். விவசாயிகள் என்றால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுப்புங்கள். மாசு வாரியம், நீர்வளம், வேளாண்மை எல்லாத் துறையும் ஒரே அறையில் இருக்கும்போது, "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது கடினம்.

கழிவை விடுவது ஆலை இல்லை, நகராட்சியே சாக்கடையை ஏரியில் விடுகிறது என்றால் வேறு கதவும் உண்டு. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் மனுப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் ஊரில் சாக்கடையோரம் குடியிருந்தவர்கள் இந்தப் பிரிவில்தான் போனார்கள். பணமில்லை என்று நகராட்சி சொன்னதை 1980-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிதி இல்லாமை கடமையிலிருந்து தப்பிக்கும் வழி ஆகாது என்றது.

கிராம சபை

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குத் தண்ணீர்த் தீர்மானத்தை யாரும் "பொருளில் இல்லை" என்று தள்ள முடியாது. குறைவெண் வரம்பை, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதை, கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி, ஊராட்சித் தலைவரிடம் ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "நிறைவேற்றியாச்சு" என்று வாயால் சொன்னது நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

ஆலையில் வேலை பார்ப்பவர்களும் அதே சபையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எதிரி ஆக்கிவிட்டால் ஊர் இரண்டாகும், ஆலைக்கு வேலை சுலபமாகிவிடும். சபைக்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் அவர்கள் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். "சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கு" என்று தீர்மானம் போட்டால் அவர்களும் கை தூக்குவார்கள். நான் எழுதிய தீர்மானங்களில் நிலைத்தவை இப்படிப்பட்டவைதான்.

ஆலை வருவதற்கு முன்பே பேச ஒரு நாள்

சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் பெரிய திட்டங்களுக்கு, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். விலக்கு பெற்றவை சில உண்டு. குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வரும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகத்திலும் மற்ற குறிப்பிட்ட அலுவலகங்களிலும் இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள். அதில் மூன்று இடத்தைப் பார்த்தால் போதும்: தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், கழிவு எங்கே போகிறது, சுற்றிலும் உள்ள நீர்நிலைகளின் பட்டியலில் உங்கள் ஏரி இருக்கிறதா. உங்கள் ஏரியே விடுபட்டிருந்தால் அந்த ஒரு குறையே பெரிது.

கூட்டத்தில் நீளமாகப் பேச நேரம் கிடைக்காது. பேசப்போவதை எழுதி, கையெழுத்திட்டு, வாரியத்திடம் முன்பே கொடுத்துவிடுங்கள். வர முடியாதவர்களும் எழுத்தில் தரலாம். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று வரம்பு எதுவும் கிடையாது. அதனால் "நாம போகலைன்னா கூட்டம் நடக்காது" என்று புறக்கணித்தால், நீங்கள் இல்லாமலே நடந்து முடிந்துவிடும். எதிர்க்கிறவர்கள்தான் கட்டாயம் போக வேண்டும். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் சாப்பாட்டு நேரம் என்று கிளம்பிவிடுவார்கள். உங்களில் நாலு பேராவது உட்கார்ந்திருந்து, நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று கேட்டு, விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தீர்ப்பாயம்

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம். காலக்கெடுதான் ஆளைக் கவிழ்க்கும்: பொதுவான மனுவுக்குப் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம், அனுமதி ஆணையை எதிர்க்கும் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. மூன்றிலுமே தக்க காரணம் காட்டினால் 60 நாள் வரை கூடுதல் அவகாசம் தரலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றி வழக்கறிஞர் கேட்கலாம்.

சாதாரண மக்கள் போய் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் பாலாற்றைச் சொல்வேன். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நொய்யலில் சாயக்கழிவால் நிலம் கெட்ட ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் விடாமல் போனதால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலாறும் நொய்யலும் இன்னும் முழுசாகக் குணமாகவில்லை, அது வேதனைதான். ஆனாலும் இன்றைக்கு நான் எழுதும் ஒவ்வொரு மனுவிலும் அந்தத் தீர்ப்புகளின் வரிகள் இருக்கின்றன.

விதியை எழுதும் இடத்திலும் பேசுங்கள்

ஒரு ஆலையை நிறுத்தினால் ஒரு ஓடைக்கு நல்லது. தரத்தை மாற்றினால் எல்லா ஓடைக்கும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரைவு அறிவிக்கைகள் அரசிதழில் வரும்போது பொதுவாக 60 நாள் ஆட்சேபம் சொல்ல இடம் உண்டு. உங்கள் நோட்டில் உள்ள தேதிகளும் ஆய்வு முடிவுகளும் அங்கேதான் கனமாக வேலை செய்யும். சட்டமன்ற உறுப்பினரிடம் போகும்போது சால்வை வேண்டாம், சட்டமன்றத்தில் கேட்பதற்கு ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்: "இந்த மாவட்டத்தில் இசைவாணை காலாவதியான பிறகும் இயங்கும் ஆலைகள் எத்தனை?" சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும் செய்தி நாளிதழில் வரும், அதற்கும் மனு அனுப்பலாம்.

ஆலை மூடப்பட்டதும் சங்கம் கலைந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நோட்டை மூடாதீர்கள். மறுபடி திறக்க வாரியம் என்ன நிபந்தனை போட்டது என்று இன்னொரு 10 ரூபாய் வில்லை ஒட்டிக் கேளுங்கள். இசைவாணை முடியும் தேதியை வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே, "புதுப்பிக்கும் முன் எங்கள் ஆட்சேபத்தைக் கேட்கவும்" என்ற மனு, பழைய ஆய்வு முடிவுகளுடன், வாரியத்தின் மேசையில் இருக்க வேண்டும்.